இளம்பச்சை

பெயின்டர் எழுந்து நின்றதும், வட்டமாக உட்கார்ந்திருந்த பதினொரு பேரும் நிமிர்ந்துகொண்டார்கள்.

சிறையில் நடக்கும் அந்த வகுப்புக்கு ஒரே விதிதான். ஒருவன் தான் செய்த குற்றத்தைச் சொல்லும்போது, எங்கே சாக்குச் சொல்கிறானோ அங்கே மற்றவர்கள் கையைத் தூக்க வேண்டும். பாம்பின் கால் பாம்பறியும். இவர்களிடம் யாருடைய ஜம்பமும் பலிக்காது.

பெயின்டர் ஏற்கெனவே மூன்று தடவை தோற்றிருந்தான். நகை இருந்த பீரோவைப் பூட்டாமல் விட்டது வீட்டுக்காரர் தப்பு என்றான்; பதினொரு கைகள். கூட்டாளி தூண்டிவிட்டான் என்றான், அதற்கும் பதினொன்று. மூன்றாம் தடவை தலையெழுத்து என்று ஆரம்பித்தபோது, தூங்கிக்கொண்டிருந்த பிக்பாக்கெட்கூட விழித்துக் கையைத் தூக்கினான்.

இன்றும் கை எழுந்தால் இன்னும் ஆறு மாதம் உள்ளே. எழாவிட்டால் அடுத்த வாரம் வீடு. மகளுக்குத் தன் முகம் மறந்துபோயிருக்குமோ என்ற பயம் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

அதனால் திருட்டை விட்டுவிட்டு அந்த வீட்டைப் பற்றிச் சொன்னான்.

இரண்டு மாத வேலை. அவன் காலடிச் சத்தம் கேட்டதுமே வீட்டுக்கார அம்மா டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவார். தனியாக இருந்தவர். ரேடியோவில் பழைய பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த சுவரை உள்ளங்கையால் தடவி, குழந்தை கன்னம் மாதிரி இருக்கிறது என்று மெச்சுவார். அவனைப் பெற்றவள்கூட அப்படி மெச்சியதில்லை.

எந்த அறையில் வேலை நடந்தாலும் வாசலில் வந்து நின்று, இது என்ன கலர் என்று கேட்பார். ஏணியில் நின்றபடியே இவன் சொல்வான். மழை விட்ட மறுநாள் துளிர்க்கிற இலைப் பச்சை என்பான். பொய்யா மெய்யா என்று கேட்டுச் சிரிப்பார்.

அவன் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் வரவில்லை. நடிப்பு இல்லை, அந்த வீட்டுக்கு நிஜமாகவே ஏங்கினான்.

ஒரு கைகூட எழவில்லை. பிக்பாக்கெட் மூக்கை உறிஞ்சினான்.

வகுப்பை நடத்தும் ஆலோசகர் மேடம் மட்டும் அவனுடைய வழக்குக் கோப்பைப் படித்தவர். அதை மூடி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“அந்த அறை வாசல்லயே நின்னுக்கிட்டு, அவங்க ஏன் உங்ககிட்ட கலர் கேட்டாங்க?”

ஏதோ ஆசைக்குக் கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அடுத்த வாரம் மகள். ஆனால் அந்த அம்மாவின் சிரிப்பு காதிலேயே நின்றது. முதல் தடவையாக அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“அவங்களுக்குக் கண்ணு தெரியாது மேடம். இலைப் பச்சைன்னு சொல்லிக்கிட்டேதான் பீரோவைத் திறந்தேன். பார்க்க முடியாதவங்களுக்கு நகை எதுக்குன்னு நெனச்சேன்.”