வாலைப் பிடித்த கை

தூண்டில் கோலின் நுனி வளையத்தில் மறுபடியும் பனிக்கட்டி கட்டிக்கொண்டது. வெண்டல் கோலை ஏரித் தண்ணீரில் முக்கிக் கரைத்தான். இந்தக் குளிரில் சுற்றுவட்டாரத்திலேயே சூடான இடம் ஏரிதான்.

நவம்பர் கடைசி. கரையோரத் தண்ணீர் ஏற்கெனவே உறைந்துவிட்டது. நாளையோ மறுநாளோ வடக்கு விஸ்கான்சின் ஏரிகள் எல்லாம் மூடிக்கொள்ளும். இந்த வருடத்து மஸ்கி மீன் வேட்டை இன்றோடு சரி.

படகின் பின்பக்கம் ஆரின் உட்கார்ந்திருந்தான். வெண்டலின் மனைவிக்கு அண்ணன். படகு அவனுடையது, படகில் வாயும் அவனுடையதுதான்.

"என்ன மாப்ள, தூண்டில் போடுறியா, தவம் கெடக்குறியா?"

"இந்தக் குளிருல வேகமா இழுத்தா மீனு நம்மளப் பாத்துச் சிரிக்கும் மச்சான்."

வெண்டல் சொன்னது நியாயம்தான். குளிர்ந்த தண்ணீரில் மஸ்கி மகா சோம்பேறி. ஒரு முழ நீள ரப்பர் மீனை, ஏதோ சாகக் கிடக்கிறது என்று அது நம்பும்படி, இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்திக் கொண்டுவர வேண்டும். அப்போதும் வெடுக்கென்று கடிக்காது. நூல் லேசாகத் தொய்யும், அவ்வளவுதான். காலையிலிருந்து வெண்டல் நூலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எடுக்க முடியாது. படகின் இந்த இருக்கைப் பலகையில் செப்டம்பர் வரை உட்கார்ந்திருந்தவன் நார்பர்ட். வீசும்போது கை நடுங்கி, மும்முனைக் கொக்கியை ஆரினின் காதில் மாட்டிவிட்டான். அன்றே அவனைக் கரையில் இறக்கிவிட்டாயிற்று. கை சரியில்லாதவனுக்குத் தன் படகில் இடம் கிடையாது என்று, போன வாரம் குடும்ப விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே ஆரின் எல்லோர் முன்னாலும் சொன்னான்.

மர அறுவை மில் வேலை போனபிறகு வெண்டலுக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பலகை ஒன்றுதான். இதுவும் போனால் வீட்டு ஜன்னல்தான்.

ரப்பர் மீன் படகோரம் வந்தது. அதை அப்படியே மேலே தூக்கிவிட முடியாது. பின்னாலேயே வந்த மஸ்கி படகடியில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும். அதற்காகக் கோலைத் தண்ணீருக்குள் விட்டு, லைசென்ஸுக்கு எட்டுப் போடுகிறவனைப் போல, மெதுவாக ஓர் எட்டுப் போட்டான். இரண்டாவது வளைவில் இருட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளை வாய் திறந்தது.

பார்த்ததும் சுண்டினான்.

மீன் திமிறியது. தண்ணீர் வாரி அடித்தது. ஆரின் கைவலையை நீட்டி மீனை வளைத்துவிட்டான். ஓர் ஆளின் கால் நீளத்துக்கு இருந்தது அது. வலையைத் தண்ணீரிலேயே வைத்து, நீளக் குறடால் கொக்கியைக் கழற்றினார்கள். வெளியே தூக்கிப் படம் எடுக்கவில்லை. இந்தக் காற்றில் மீனின் கண் உறைந்துபோகும்.

சந்தோஷப்பட வேண்டும் என்று வெண்டல் நினைத்தான். ஒன்றும் வரவில்லை.

இந்த ஏரியில் மஸ்கியைக் கொல்வதில்லை, திரும்ப விட்டுவிடுவார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. பிடித்தவன்தான் விட வேண்டும், மற்றவன் தொடக்கூடாது. உறை போட்ட கை மீனின் வழவழப்பை உரித்துவிடும் என்பதால் வெறுங்கையோடு வாலடியைப் பிடித்து, மீனுக்குத் தெம்பு வரும்வரை தண்ணீருக்குள் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். தெம்பு வந்தால் வாலை ஒரு உதறு உதறும். அது கைக்குத் தெரியும், அப்போது விட வேண்டும். அவசரப்பட்டு விட்டால் மல்லாந்து அடிக்குப் போய்ச் செத்துவிடும்.

வெண்டல் உறையைக் கழற்றி, படகு விளிம்பில் குப்புறப் படுத்து, முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு வாலைப் பிடித்தான். ஏரித் தண்ணீர் கறுப்பு. மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

மற்றவர்களாக இருந்தால் அரை நிமிடத்தில் அலறியிருப்பார்கள். வெண்டல் அசையவில்லை. கன்னத்தை விளிம்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"மாப்ள."

"பொறு மச்சான். இன்னும் தெம்பு வரல."

"அது போயிருச்சு மாப்ள. போயி ரொம்ப நேரமாச்சு."

வெண்டல் கையை வெளியே எடுத்தான். செக்கச்சிவந்த கை. ஒரு வாலின் கனத்துக்கு வளைந்து மூடியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

ஆரின் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தான். "பாழாப்போன குளிரு. என் வெரலும்தான் செத்துப் போச்சு, ஒண்ணும் தெரியல," என்றான்.

"ஆமா மச்சான். குளிருதான்."

குளிர் இல்லை. ஜூலை மாதம், சட்டையெல்லாம் வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தபோதே அந்த விரல்கள் போய்விட்டன. மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துவிட்டு, மேஸ்திரி கத்தியபிறகுதான் பார்த்தான். நரம்பு செத்தது இனித் திரும்பாது என்று மருத்துவர் சொன்னார். வெண்டல் வீட்டில்கூடச் சொல்லவில்லை. பனிக்காலம் எப்போது வரும் என்று காத்திருந்தான். குளிரில் எல்லோருக்கும் விரல் மரத்துப்போகும், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

ஆரின் உறையைக் கழற்றினான். கடித்துக் குதறப்பட்ட ரப்பர் மீனை எடுத்துவிட்டு, நூல் முனையில் அரிசி மணி அளவே இருந்த கொண்டியைத் திறந்து, வேறொன்றை மாட்டி மூடினான். எல்லாம் வெறும் விரலால், ஒரே தடவையில், குனிந்துகூடப் பார்க்காமல்.

வெண்டலுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

ஆரின் கோலை அவனிடம் நீட்டவில்லை. அவன் கையை எடுத்து, கோலின் பிடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டான்.

"வர்ற மே மாசத்துலேருந்து நீ பிடி மாப்ள," என்றான். "விடுறத நான் பாத்துக்குறேன்."