இலை அள்ளச் சொன்னேன்

"கையை எடுத்தீங்கன்னா அவ்வளவுதான் மாமா," என்றேன்.

ஜாலோங் மாமா கையை எடுக்கவில்லை.

இடுப்பளவு ஓடைத் தண்ணீரில் நின்று, குழாய் வாயில் இருக்கும் கம்பி வலையில் ஒட்டிய இலைகளை வாரி வாரி எறிந்துகொண்டிருந்தார். மத்தியானத்திலிருந்து கொட்டிய மழை காட்டு இலையையெல்லாம் அங்கேதான் கொண்டுவந்து சேர்த்திருந்தது. வலை அடைத்தால் குழாயில் தண்ணீர் குறையும். கீழே இயந்திரம் சுற்றாது. ஊரே ஒரே கூரையின் கீழ் வாழும் எங்கள் நீள்வீட்டில் நாற்பது குடும்பத்துக்கும் மின்சாரம் இருக்காது.

மருத்துவ அறைக்கும்தான்.

அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய பேரன் கிடந்தான். எட்டு மாசத்திலேயே அவசரப்பட்டு முந்தின நாள் வந்துவிட்டவன். பாராம் ஆற்றில் வெள்ளம். டவுன் ஆஸ்பத்திரிக்குப் படகு போகாது. பெட்டியின் சூடுதான் அவன் உயிர்.

"ஊசுன், இலை வார்ற அந்த நீளக் கம்பு எங்கம்மா? விரலெல்லாம் விறைச்சுப்போச்சு."

"கீழயே மறந்துட்டு வந்துட்டேன் மாமா."

மறக்கவில்லை.

பாறைமேல் குடை பிடித்து உட்கார்ந்து, இலைப் பொட்டலத்தைப் பிரித்துச் சோறு தின்றேன். எத்தனையோ நாளுக்கப்புறம் சோறு ருசித்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஊருக்கே வெளிச்சம் இவருடைய டீசல் ஜெனரேட்டர்தான். எனக்கு வலி கண்ட அன்று என் புருஷன் இவர் காலில் விழாத குறை. "ஒரு சொட்டு டீசல்கூட இல்லப்பா" என்று கையை விரித்துவிட்டார். ஒற்றை டார்ச் வெளிச்சத்தில் பெற்றேன். கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததை யாரும் சமயத்தில் பார்க்கவில்லை. என் மகள் அழவே இல்லை.

மறுநாள் இவர் வீட்டில் டிவி ஓடியது. பீப்பாய் பீப்பாயாக டீசல் இருந்தது.

ஓடையில் மின்சாரம் எடுக்கலாம் என்று ஊர் கூடியபோது, "தண்ணியில விளக்கு எரியுமா? போய்ப் படுங்கடா" என்று சிரித்தவரும் இவர்தான். பொது வேலைக்கு வீட்டுக்கு ஒருவர் சுமை தூக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இவர் ஒரு குழாயைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் பெரியவர்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இவர் வீட்டுக்கும் நானே கம்பி இழுத்தேன். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஊர் என்னிடம்தான் கொடுத்திருந்தது.

மழை விட்டது. மாமாவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"இன்னும் அள்ளணுமாம்மா?"

கேட்கும்போதே அழுதார். அவர் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"பேரன் வேணும்னா அள்ளுங்க."

அள்ளினார்.

போன மாசம் மருத்துவ அறைக்கு ஆறு பெரிய பேட்டரிகள் வந்தன. படகிலிருந்து மேலே தூக்கிவர ஊரே போனது. ஓடை மொத்தமாக வற்றிப்போனாலும், அந்தக் கண்ணாடிப் பெட்டி மறுநாள் மாலைவரை சூடாகவே இருக்கும்.

தூக்கியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

அன்றைக்கும் இவர் வரவில்லை.