மாப்பிள்ளை கொண்டுவந்த அளவு ஜாடி

"கையை விட்டுடாதீங்க மாப்பிள்ளை. கொட்டினா காலும் போயிடும்."

மாமனார் சொல்லிக்கொண்டே நீல மூடி பாட்டிலைத் திருகித் திறந்தார். அந்த ஆய்வுக்கூடத்தின் ஸ்டோர் அவர் பொறுப்பு. துடைப்பத்துக்குக்கூடப் பெயர் எழுதி ஒட்டுகிற ஆள். அந்தப் பாட்டிலில் மட்டும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மாப்பிள்ளை இரண்டு கையாலும் பிடித்திருந்தது, அவனே விற்க வந்த பிளாஸ்டிக் அளவு ஜாடி. கோடு போட்ட உயரமான குழாய், அடியில் தர முத்திரை. முந்நூறு ஜாடிக்கு ஆர்டர் கிடைத்தால் கம்பெனியில் அவனுக்குப் பெரிய நாற்காலி. பெண்ணைக் கட்டியவன் என்பதற்காக ஸ்டோரில் சலுகை கிடையாது என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"இதெல்லாம் எதுக்கு மாமா? அதான் அடியில முத்திரை இருக்கே."

"முத்திரையை யார் வேணாலும் குத்தலாம். இந்த ஆசிட் கண்ணாடியையே தின்னுடும், அதான் பிளாஸ்டிக் கேக்குறோம். உள்ளே என் பொண்ணு தினமும் இதைத்தான் அளக்குறா. முதல்ல நீங்க பிடிச்சுக் காட்டுங்க."

"கையுறை இல்லியா மாமா?"

"எதுக்கு? உங்க சரக்குதானே?"

ஊற்றினார். நூறாவது கோடு வரை ஏறியது. புகை இல்லை, வாடை இல்லை. அதனாலேயே அவன் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"பட்டா... உடனே எரியுமா?"

"எரிஞ்சாத்தான் தேவலையே, கழுவிடலாம். சில்லுன்னு இருக்கும், அவ்வளவுதான். வலி தெரியுறப்போ எலும்புக்குப் போயிருக்கும்."

அவன் ஜாடியை உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்தான். ஜாடி ஆடியது. விளிம்பைத் தாண்டி ஒரு சொட்டு வழிந்து கட்டைவிரலில் இறங்கியது.

எரியவில்லை. சில்லென்று இருந்தது.

"மாமா! பட்டுடுச்சு! வாங்கிக்கோங்க மாமா!"

"ஒரு சொட்டுக்கே இப்படியா? ஜாடி பத்து வருஷம் தாங்கும்னீங்க?"

"பத்து நிமிஷம் தாங்காது மாமா! பழைய பக்கெட்டை உருக்கி ஊத்தினது. முத்திரையை நாங்களே குத்தினோம். உங்க காலைப் பிடிக்கிறேன்!"

"காலை அப்புறம் பிடிக்கலாம். இப்ப ஜாடியைப் பிடிங்க."

அவசரமே இல்லாமல் ஆர்டர் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். அதன்பிறகுதான் ஜாடியை வாங்கி மேசையில் வைத்தார்.

மாப்பிள்ளை ஓடிப்போய்க் குழாயைத் திறந்தான். தேய்த்த தேய்ப்பில் விரல் சிவந்துவிட்டது.

"செவந்துடுச்சு மாமா! எலும்புக்குப் போயிடுச்சு! ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!"

உள்கதவு திறந்தது. அவன் மனைவி கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"அப்பா, என் நீல மூடி பாட்டிலைக் குடுங்க. தாகமா இருக்கு."