வில்லிக்குப் படித்துச் சொன்னது

மூன்றாவது முறையாக அவர் அட்டைப்பெட்டியைத் தரையில் கவிழ்த்தார்.

பழைய இதழ்கள் சரிந்து கட்டிலுக்கடியில் ஓடின. அட்டைகளில் நெருப்பைக் கக்கும் நாகங்கள், இரும்புச் சட்டை போட்ட வீரர்கள், முழங்கால்வரை தாடி வைத்த மந்திரவாதிகள். பசை காய்ந்து ஒவ்வொன்றின் முதுகும் வெடித்திருந்தது.

ஒரு கதை. ஒரே ஒரு கதையாவது இருந்துவிடாதா என்றுதான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்.

இல்லை.

பகடை உருட்டி ஆடும் மாயாஜால விளையாட்டுக்கான பத்திரிகைகள் அவை. ஒருவர் கோட்டையையும் குகையையும் வாயாலேயே கட்டி எழுப்ப, மற்றவர்கள் வீரர்களாகவும் சூனியக்காரிகளாகவும் அதற்குள் நுழைந்து ஆடுவார்கள். இதழ் முழுக்க அதற்கான விதிகள்தான். எந்தப் பூதம் எத்தனை வெட்டு தாங்கும் என்று ஓர் அட்டவணை. சேற்றில் கழுதை எவ்வளவு வேகம் போகும் என்று வாசகர்கள் போட்டுக்கொண்ட சண்டை. மிச்சத்துக்குப் பகடை விளம்பரம்.

"கரையான் அரிச்சிடுச்சுன்னு சொல்லிடட்டுமா?" என்றார் மனைவியிடம்.

"உங்க தங்கச்சிகிட்டயா?" அவள் சிரித்த சிரிப்பிலேயே அந்த யோசனை செத்துப்போனது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடி உயரத்தில், காலுக்குக் கீழே வெறும் இருட்டு இருக்க, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை பார்க்கிறவர். இன்று சொந்த வீட்டில் கால் தரையில் பாவவில்லை. ஜன்னலுக்குப் போனார். திரும்பினார். தண்ணீர் குடித்தார். குடித்ததை மறந்து மறுபடியும் குடித்தார்.

தங்கைக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது.

கப்பலில் வேலை பார்த்த மாமா இந்த ஆங்கில இதழ்க் கட்டைக் கொண்டுவந்து போட்டபோது அவருக்குப் பதினான்கு வயது, அவளுக்குப் பத்து. பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு "படிச்சுச் சொல்லுண்ணா" என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொள்வாள்.

அவருக்கோ ஆங்கிலம் வேப்பங்காய். தலைப்பைத் தாண்டினால் ஒன்றும் புரியாது. அதை ஒரு சின்னப் பெண்ணிடம் ஒப்புக்கொள்ள ரோஷம் விடவில்லை. இதழை மடியில் விரித்துக்கொண்டு, வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டார்.

தரைக்கடியில் ஒரு நகரம். அங்கே நிழல்களை வாடகைக்கு விடும் ஒரு ராணி. யாராவது சிரித்தால் மட்டும் திறக்கும் கதவு. தூங்கும்போது மட்டும் உண்மை பேசும் பூதம்.

அவள் வில்லாளியாக இருப்பேன் என்றாள். "வில்லு வச்சிருக்கிறவ வில்லிதானே?" என்று பெயரையும் தானே வைத்துக்கொண்டாள். பகடையின் புள்ளிகள் குழி குழியாக இருக்கும். உருட்டிவிட்டு, விரலால் தடவி அவளே எண்ணிச் சொல்வாள். அதில் அவரால் ஏமாற்ற முடியவில்லை.

அந்த வில்லி இப்போது ஒரு கல்லூரியில் ஆங்கிலத் துறைத் தலைவர்.

மேடை கிடைத்தால் போதும், சின்ன வயதில் அண்ணன் படித்துச் சொன்ன புத்தகங்களால்தான் தான் ஆங்கிலத்தின் பக்கமே வந்ததாக ஆரம்பித்துவிடுவாள். கூட்டம் கைதட்டும். முன்வரிசையில் அவர் நெளிவார். பக்கத்தில் இருப்பவர்கள் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன வாரம் கூப்பிட்டாள். எந்தப் பக்கத்தின் மேல் பிடித்தாலும் வாசித்துக் காட்டும் செயலி ஒன்று அவள் போனில் வந்திருக்கிறதாம். அந்த இதழ்களையெல்லாம் எடுத்துவை, வருகிறேன் என்றாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகளின் அகராதியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் துழாவினார். தரைக்கடியில் நகரம் என்று எங்காவது ஒரு வரி கிடைத்தால்கூடத் தப்பித்துவிடலாம். கிடைத்ததெல்லாம் கழுதைதான்.

அழைப்புமணி அடித்தது.

தங்கை கைத்தடியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். நேராகத் தரையில் உட்கார்ந்தாள். கைக்கு அகப்பட்ட இதழைப் பிரித்து, போனை அதன் மேல் பிடித்தாள்.

ஏற்ற இறக்கமில்லாத ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஒப்பிக்கத் தொடங்கியது. குதிரை, காய்ந்த தரையில் இவ்வளவு. குதிரை, சேற்றில் அதில் பாதி. கழுதை, காய்ந்த தரையில்...

அவர் எழுந்தார். உட்கார்ந்தார். மின்விசிறியைக் கூட்டிவைத்தார். பக்கங்கள் படபடக்கவே மறுபடி குறைத்தார். மனைவி அடுக்களைக்குள் நழுவிவிட்டாள்.

கழுதை முடிந்து கோவேறு கழுதை வந்தது. தங்கை போனை அணைத்தாள்.

"அம்மாடி, என்ன அறுவை!"

"அது வந்தும்மா..." என்று ஆரம்பித்தார்.

"மணிக்கணக்கா படிப்பியே அண்ணா. ஒரு நாளாவது பக்கம் திருப்புற சத்தம் கேட்டிருக்கா?"

அவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அவள் பேசிய மேடைகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போயின. ஒவ்வொன்றிலும் அவள் முகம் முன்வரிசையை நோக்கித் திரும்பியிருந்தது.

"அப்ப இதையெல்லாம் எதுக்கு எடுத்துவைக்கச் சொன்னே?"

அவள் தடவித் தடவி ஓர் இதழை எடுத்தாள். அவர் மடி இருக்கும் இடத்தைக் கையால் பார்த்து, அதை அங்கே விரித்து வைத்தாள்.

"இது மடியில இருந்தாத்தானே உனக்குக் கதை வரும்? அப்போ மொதமொதலா வேலைக்குக் கிளம்புற அவசரத்துல வில்லியைப் பாழுங்கிணத்துக்குள்ள கயித்துல தொங்கவிட்டுட்டுப் போயிட்ட. கை வலிக்குதுண்ணா. படி."