வருத்தமா, மன்னிப்பா?

“ஒரே ஒரு வார்த்தை! அதுக்கு மூணு நாளா? நாலு வரிக் கடிதத்தை ஸ்பானிஷ்ல எழுதறதுக்கு இந்தப் பாடா?”

மேனேஜர் கத்தியது பட்டறை முழுக்கக் கேட்டது. வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் குக்கர்.

மொழிபெயர்க்கிற பெண் அசரவில்லை. காகிதத்தை மேசையில் வைத்தாள்.

“‘வீ ஆர் ஸாரி’ன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கீங்க சார். அதுல ரெண்டும் அடங்கிடும். ஸ்பானிஷ்ல வேற வேற வார்த்தை. ‘சென்டீமோஸ்’னு போட்டா, வருத்தப்படறோம்னு ஆகும். பக்கத்து வீட்டுல ஒரு கஷ்டம்னாகூட அதைச் சொல்லலாம். ‘பெர்தோன்’ கேட்டா, தப்பு எங்களோடது, மன்னிச்சிடுங்கன்னு ஆகும். எதைப் போடட்டும்?”

அது மடக்குத் தொட்டில் செய்கிற பட்டறை. கடல் தாண்டிப் போன தொட்டில் ஒன்றின் கீலில் ஒரு குழந்தையின் விரல் நசுங்கிவிட்டது. கீலை மூட வேண்டிய ரப்பர் உறை அதில் இல்லை. அந்தக் குழந்தையின் அம்மா எழுதிய கடிதத்துக்குத்தான் இந்தப் பதில். கூடவே ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தாள். கட்டுப் போட்ட சின்னக் கை. முதலாளி ஓர் ஓரமாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதல் வார்த்தையைப் போடும்மா. நோகாம முடிஞ்சிடும்,” என்றார் மேனேஜர்.

“ஆனா தப்பு நம்மளோடதுதானே சார்?”

“மன்னிப்புன்னு கேட்டா, தப்புப் பண்ணினது யாருன்னு கேள்வி வரும். அந்தத் தொட்டிலைப் பொருத்தினவ அதோ நிக்கிறா. அவளை வீட்டுக்கு அனுப்பணும். அந்தப் பாவம் உனக்கு வேணுமா?”

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கையில் ஸ்பேனரோடு நின்றாள். நாலு பேர் பார்த்தாலே வியர்த்துப் போகிறவள். வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை. இந்த வேலை போனால் அடுப்பு எரியாது.

“ரப்பர் இல்லாம மாட்டினது நீதானே?” என்று மேனேஜர் அவளைக் கேட்டார்.

“ஆமா சார்.”

“ரப்பர் இல்லைன்னா நிறுத்தி வைக்கணும்னு தெரியாதா?”

அவள் முதலாளி பக்கம் ஒரு தரம் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

“வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடுமா? பதில் சொல்றாளா பாரு!”

மொழிபெயர்க்கிறவள் அவளையே பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

“சரி சார். முதல் வார்த்தையே போட்டுடறேன்.”

“வேணாங்கக்கா.”

யார் பேசியது என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே புரியவில்லை. அவ்வளவு சின்னக் குரல்.

“மன்னிப்பே எழுதுங்க அக்கா. என் பிள்ளை விரல் நசுங்கி, செஞ்சவங்க ‘வருத்தமா இருக்கு’ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா எனக்கு மனசு ஆறாது. என் கையால மாட்டினதுதான். என்னைக் காட்டியே எழுதிடுங்க.”

குக்கர்கூட விசில் அடிக்கவில்லை.

முதலாளி எழுந்து வந்தார். போட்டோவை மேசையில் வைத்தார்.

“ரெண்டாவது வார்த்தையே போடுங்கம்மா. ஆனா அவளைக் காட்ட வேணாம், என்னைக் காட்டுங்க. ரப்பர் வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கலாம் சார்னு அன்னிக்கு என் அறை வாசல்ல நடுங்கிக்கிட்டே வந்து சொன்னது இந்தப் பொண்ணு ஒருத்திதான். ‘ஒண்ணும் ஆகாது, மாட்டி அனுப்பு’ன்னு விரட்டினவன் நான்.”