வாய்த்தடம்

மீன் கடைக்காரர் தொட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மீனை விட்டுவிட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. மீனுக்கு உடம்பு சரியில்லை என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்தால், இந்த ஆள் கண்ணாடியை வெறிக்கிறான்.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வாரம் முழுக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்களை வாய் வலிக்கத் திட்டிவிட்டு, மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துவருவார். வாங்கிக்கொள்ள மச்சினன் இருந்தான்.

மனைவியின் தம்பி. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று மூன்று மாதத்துக்கு முன் பெட்டியோடு வந்தவன், ஹால் சோபாவில் படுத்துக்கொள்கிறான்.

மீன் வந்து ஒன்றரை மாதம். விரல் நீளம், முட்டைக் கண், பாறை நிறம். கடல்தண்ணீர்த் தொட்டியில் படிகிற பாசியைத் தின்றே வாழும் என்று சொல்லி விற்றார்கள். அந்த வாரமே கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது.

மாஸ்டர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். மச்சினன் தட்டின் முன் உட்காரும்போதெல்லாம் தொட்டியைக் காட்டுவார்.

"பாரு, மீன்கூட உழைச்சுத்தான் சாப்பிடுது."

தினம் இதே வசனம். சொன்னவருக்கு மட்டும் அலுக்கவில்லை.

இப்போது அந்த உழைப்பாளிக்குத்தான் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மாஸ்டர் துடித்துப்போய்விட்டார். மனிதருக்கு இவ்வளவு இரக்கம் இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது.

கடைக்காரர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இது மேஞ்சா கண்ணாடியில புள்ளி புள்ளியா வாய்த்தடம் இருக்கும் சார். ஒண்ணுகூட இல்ல. யாரோ தினம் தேய்ச்சு எடுத்துடறாங்க. பாவம், பட்டினி கிடக்குது."

மாஸ்டர் சிரித்தார். இந்த வீட்டில் அப்படி யார் தேய்க்கப்போகிறார்கள்? மனைவி காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். அவரோ அந்தத் தண்ணீரில் ஒரு விரல்கூட நனைத்ததில்லை.

பிரேக் எங்கே என்று தேடும் புது மாணவனைப் போல, விஷயம் மெதுவாகத்தான் அவருக்குப் பிடிபட்டது.

சோபா ஓரம் நின்ற மச்சினன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். முழங்கைக்குக் கீழே உப்பில் ஊறித் தோல் வெள்ளையாக உரிந்திருந்தது.

பத்து நாள் கண்ணாடியைத் தொடாதீர்கள், பாசி வளரட்டும் என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் போனார்.

மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாஸ்டர் அன்று தொட்டியைக் காட்டவில்லை. இவ்வளவு பேசுகிற மனிதருக்கு ஒரு மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை.

மச்சினன் ஒரே ஒரு கரண்டி சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். அவன் பெல்ட்டில், கடைசித் துளையையும் தாண்டி, ஆணியால் குத்திய புதுத் துளை ஒன்று இருந்தது.

அவன் எப்போதும் இவ்வளவுதான் சாப்பிடுவானா என்று மாஸ்டர் மனைவியிடம் கேட்டார்.

அவள் தொட்டியைப் பார்த்தாள்.

"அது வந்ததுல இருந்துதான்."