பாதியில் முடித்த கடன்

தாய்மாமன் பேரில் கடன் வாங்குவது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. மாமன் நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

திருச்சுழியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் விஜயபாண்டியை மாமா பால்ச்சாமி முழுசாக நம்பினார். கரி வியாபாரி. அவருடைய ஆதார், பான் கார்டு எல்லாம் மருமகனின் கம்ப்யூட்டரில்தான் குடியிருந்தன. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், "ரேசன் கார்டுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லுங்க மாமா" என்று போனில் கேட்டான். கரிமூட்டத்துப் புகையில் இருமிக்கொண்டே ஓ.டி.பி.யின் ஆறு எண்களையும் சொன்னார். கடன் கம்பெனிக்குத் தன் செல் நம்பரைக் கொடுத்தான். சாயங்காலத்துக்குள் நாற்பதாயிரம் வந்தது. சென்டருக்கு ஏசி வந்தது. இரண்டு தவணை கட்டினான். பிறகு ஏசியின் குளிர்ச்சியில் மறந்துவிட்டான்.

போன மாதம் மாமா வந்து ஏசிக்கு நேராக உட்கார்ந்தார்.

"மாப்ள, கரி ஏத்த லோடு வண்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். அருப்புக்கோட்டை பேங்க்குல லோனு தாராகளாம். ஏதோ சிபிலுன்னு நம்ம கடன் கணக்கெல்லாம் பாப்பாகளாமே? நமக்கென்ன, பத்து பைசா கடன் கெடையாது."

விஜயபாண்டிக்கு ஏசியிலும் வேர்த்தது. கடன் தெரிந்தால் மாமா போலீசுக்குப் போவார். ஆவணியில் அவர் மகள் துர்காதேவியோடு அவனுக்குக் கல்யாணம். பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது.

"உடனே போவணுமா மாமா?"

"ஆடியில என்னத்தப் போக? ஆடி கழியட்டும். ஜாமீன் நீதான்டா. போன தடவை வண்டி வாங்கயில ஜாமீனுக்குக் குடுத்தியே, அந்த ஆதார், பான் ஜெராக்ஸெல்லாம் எங்கிட்ட பத்தரமா இருக்கு."

ஆடி மாதத்தைக் கும்பிட்டுவிட்டு கடன் கம்பெனியின் வசூல் ஆளுக்குப் போன் போட்டான் விஜயபாண்டி.

"வட்டியோட அம்பத்தி ரெண்டாயிரம் நிக்குது சார். இன்னைக்கே கட்டுனா இருபத்தஞ்சுல முடிச்சிரலாம்."

இருபத்தைந்தைக் கட்டினான். மிச்சம் பிடித்த இருபத்தேழை நினைத்து ராத்திரி நிம்மதியாகத் தூங்கினான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சிபில் அறிக்கை சிலேட்டுப் பலகை இல்லை, எச்சில் தொட்டு அழிப்பதற்கு. பாக்கியைக் கட்டினால் கடன் அதிலிருந்து மறையாது. அதன் நிலைமை மட்டும் மாறும். முழுசாகக் கட்டினால் 'முடிந்தது' என்று வரும். இழுத்தடித்த மாதங்களும் கூடவே நிற்கும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று வரும். 'இவரிடம் கொடுத்தால் முழுசாகத் திரும்பாது' என்று எல்லா பேங்குக்கும் நாமே காசு கொடுத்துப் போட்ட தபால் அது. வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

விஜயபாண்டிக்கு இது தெரியாது. சிபில் பற்றி விளக்கம் சொல்ல ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்குகிறவனுக்கு, தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆடி கழிந்தது. மாமனும் மருமகனும் அருப்புக்கோட்டை பேங்கில் மேனேஜர் ஈஸ்வரி முன்னால் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் இரண்டு அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு முதலாவதைப் படித்தார்.

"பால்ச்சாமி ஐயா, கடனே இல்லைன்னீங்க. நாப்பதாயிரம் வாங்கி, போன மாசம் இருபத்தஞ்சுக்கு செட்டில் பண்ணியிருக்கீங்களே?"

கட்டினால் போய்விடும் என்றல்லவா விஜயபாண்டி நினைத்தான்?

"செல் நம்பர் வேற புதுசா இருக்கு. நானூத்திப் பதினேழுல முடியுது. யாரோ உங்க பேர்ல வாங்கியிருந்தா சொல்லுங்க. போலீசுல எழுதிக் குடுத்து விசாரிக்கச் சொல்லலாம்."

அந்த நம்பர் யாருடையது என்று மாமாவுக்குத் தெரியும். தினமும் நாலு தடவை கூப்பிடுகிற நம்பர். மெதுவாகத் திரும்பி மருமகனைப் பார்த்தார்.

"போலீசெல்லாம் எதுக்குத் தாயி?" என்றார். "நாந்தான் வாங்குனேன். மறந்துட்டேன்."

விஜயபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன மனுஷன்! ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஊரைக் கூட்டவில்லை. இனி இவர் காலால் இட்டதைத் தலையால் செய்ய வேண்டும். துர்காதேவியை ராணி மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்தான்.

"சரி, இனிமே மறக்காதீங்க" என்ற ஈஸ்வரி, அடுத்த தாளை எடுத்தார். "ஜாமீன்தாரர் நீங்கதான? உங்களுக்கும் மறதியா தம்பி? காரியாபட்டி பைனான்ஸ் ஒண்ணுல ஒரு லச்சத்துப் பத்தாயிரம் வாங்கியிருக்கீங்க. நீங்களும் போன மாசம்தான் அறுபதுக்கு செட்டில் பண்ணியிருக்கீங்க."

விஜயபாண்டி காரியாபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுகூட இல்லை.

"செல் நம்பரு அறுபத்தி மூணுல முடியுது. யாரும் உங்க பேர்ல வாங்கியிருந்தா சொல்லுங்க, போலீசுல எழுதிக் குடுக்கலாம்."

அறுபத்து மூன்றில் முடியும் நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்து கொடுப்பது விஜயபாண்டிதான். அந்த நம்பருக்குச் சொந்தக்காரர் அப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த காலண்டரில் ஆவணி முகூர்த்தங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"போலீசெல்லாம் எதுக்கு மேடம்?" என்றான் விஜயபாண்டி. "நாந்தான் வாங்குனேன்."